ஆறரை மணி மாத்திரை

ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்கோம்மா, எனக்கு எதிர்க்காத்து ஆகாது. பை என் மடியிலயே இருக்கட்டும். அது ஆஸ்பத்திரிக் கவர்தானே? பாத்ததுமே தெரிஞ்சுது. யாருக்கு, அப்பாவுக்கா? ரத்தப் பரிசோதனையா? சரி சரி. ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ. அதுக்குள்ள இருக்க பேப்பர்ல என்ன போட்டிருந்தாலும் உடனே நம்பிராத. பேப்பர் பொய் சொல்லும். ஆமா, மிஷின்ல பாத்து கம்ப்யூட்டர்ல அடிச்சதுதான். அதுவும் பொய் சொல்லும். அப்படி ஒரு பேப்பரால, கட்டின புருஷனுக்கு மருந்தை அள்ளி அள்ளிக் குடுத்தவன்னு நாலு மாசம் பேர் வாங்கிக் குடியிருந்தவ நான்.

நீ எங்க இறங்கணும்? வீரவநல்லூரா. அப்போ நேரம் இருக்கு. நான் அம்பைக்குப் போறேன். என் பேரு சண்முகவடிவு, வடிவுன்னு கூப்பிடுவாக. பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளரா இருபத்தொம்பது வருஷம் இருந்தவ. இருநூத்திப் பத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கேன். ஒரு பிள்ளைக்கு வயித்து வலின்னு வந்தது கிடையாது. ஒரே ஒரு தடவை வந்துது. அது வீட்டுல தின்ன பணியாரம். நானே நேர்ல போய் விசாரிச்சேன்.

எங்க வீட்டுல அவுக தபால் ஆபீஸ்ல இருந்தாக. கட்டுக்கட்டா வார கடுதாசியைத் தெருவாரியாப் பிரிச்சுப் போடுத வேலை. முப்பத்தெட்டு வருஷம். அதனாலயோ என்னவோ பேச்சே கிடையாது. நாள் முழுக்க ஊரார் பேச்சையெல்லாம் கையில பிடிச்சிருந்தா, சொந்தமாப் பேசணும்னு தோணாது போல. பேசினா ஒரு வார்த்தை. அதுவும் வில்லங்கமான வார்த்தையா இருக்கும்.

போன வருஷம் பொங்கல் முடிஞ்ச வாரம் அது. குளிச்சிட்டு வந்தவுக ஈரத்துண்டோட அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாக. என்னன்னு கேட்டா, நெஞ்சுக்குள்ள யாரோ ஓடுத மாதிரி இருக்குன்னாக. ஆட்டோ பிடிச்சு, அங்க இருந்து ஆம்புலன்ஸ் பிடிச்சு, பாளையங்கோட்டையில ஒரு இருதய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆறு நாள் வச்சிருந்தாக. டாக்டர் சின்ன வயசுதான், ஆனா நிதானமான ஆளு. என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னாரு. அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு தாறுமாறா துடிக்குது, கொஞ்சம் பலவீனமாவும் இருக்கு. ஒரு மாத்திரை தாரேன். தினம் ஒண்ணே ஒண்ணு. கம்மியாப் போனா வேலை செய்யாது, அதிகமாப் போனா விஷம் மாதிரி. அதனால மாசம் ஒரு தடவை ரத்தத்துல அந்த மருந்து எவ்வளவு இருக்குன்னு பாக்கணும்னாரு.

எனக்கு அது நல்லாப் புரிஞ்சுது. ரேஷன் மாதிரி. அளவு தப்பக் கூடாது. இருபத்தொம்பது வருஷம் அரிசியும் பருப்பும் கிராம் கணக்குல அளந்தவகிட்ட வந்து சொல்லுதாரே, கரெக்டான ஆளுகிட்டதான் சொல்லுதாருன்னு நினைச்சுக்கிட்டேன்.

மறுநாள்ல இருந்து காலை ஆறரை மணிக்கு மாத்திரை. ஆறு இருபத்தொம்பதும் கிடையாது, ஆறு முப்பத்தொண்ணும் கிடையாது. வானொலியில செய்தி ஆரம்பிக்கதுக்குள்ள மாத்திரை தொண்டைக்குள்ள இறங்கியிருக்கும். அவுகளும் பிள்ளை மாதிரி தேறி வந்தாக. ஆத்தங்கரை வரைக்கும் நடந்து போய்ட்டு வந்தாக.

ஒரு மாசம் கழிச்சு ரத்தம் எடுக்கப் போகணும். அங்க பியூலான்னு ஒரு நர்ஸ் பொண்ணு, நல்ல பொண்ணு. முந்தின நாள் போன்ல சொன்னா, "அம்மா, சர்க்கரையும் சேத்துப் பாக்கணும். காலைல எதுவும் குடுக்காமக் கூட்டிட்டு வாங்க"ன்னு. நானும் எதுவும் குடுக்கல. காப்பி குடுக்கல, இட்லி குடுக்கல. ஆறரைக்கு மாத்திரையை மட்டும் ஒரு மடக்குத் தண்ணியில குடுத்தேன். ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிச்சோம். எட்டரைக்கு ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்துட்டாக.

ஏன் அப்படிப் பாக்க? மாத்திரை சாப்பாட்டுல சேருமாம்மா? எந்த ஊர்ல யாரு காலைல மாத்திரை பண்ணித் திங்கா? அதுவும் மாத்திரை உடம்புல இருக்கான்னு பாக்கத்தானே அந்தப் பரிசோதனையே. மாத்திரை போடாமக் கூட்டிட்டுப் போனா அதுல என்ன தெரியும்? பரிச்சைக்குப் போற அன்னைக்குப் பிள்ளையைப் படிக்காமலா அனுப்புவோம்? அன்னைக்குன்னு கூட ஒரு தடவை படிக்கச் சொல்லித்தானே அனுப்புவோம். அப்படி நினைச்சுத்தான் குடுத்தேன்.

மத்தியானம் டாக்டர் கூப்பிட்டாரு. பேப்பரைக் கையில வச்சிருக்காரு, மூஞ்சி சரியில்ல. ரெண்டுக்குள்ள இருக்க வேண்டியது மூணேகால் இருக்குன்னாரு.

"தினம் எத்தனை மாத்திரைம்மா குடுக்கீங்க?"

"ஒண்ணு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மறந்துபோய் ரெண்டாவது தடவை எதுவும்?"

"எனக்கு மறதி கிடையாது சார்."

அவரு தலையை ஆட்டிக்கிட்டாரு. அப்புறம் அவுக பக்கம் திரும்பி, "சாப்பாடு இறங்குதாய்யா?"ன்னு கேட்டாரு.

அவுக என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "இறங்கல"ன்னாக.

எப்படி இறங்கும்? உப்பைக் குறைக்கச் சொன்னதே இந்த டாக்டர்தான். நான் குறைக்கல, அடியோட நிறுத்திட்டேன். உப்பில்லாத சாம்பார் யாருக்குத்தான் இறங்கும்? அதைச் சொல்ல வாயைத் திறக்கேன், அதுக்குள்ள டாக்டர் அடுத்ததைக் கேட்டாரு. "கண்ணு பார்வை எப்படி இருக்கு? எதைப் பாத்தாலும் மஞ்சளாத் தெரியுதா?"

அவுக ரொம்ப நேரம் யோசிச்சாக. யோசிச்சுட்டு, "இவ மூஞ்சி மஞ்சளாத் தெரியுது"ன்னாக.

நான் அன்னைக்கு வெள்ளிக்கிழமைன்னு மஞ்சள் பூசிக் குளிச்சிருந்தேன்ம்மா. அவ்வளவுதான் விஷயம். அவுகளுக்கு அது ஒரு வேடிக்கை. ஆனா டாக்டர் சிரிக்கல. பேனாவை எடுத்து எழுதிக்கிட்டாரு. மருந்து அதிகமாப் போனா இப்படித்தான் சாப்பாடு வெறுக்குமாம், எல்லாம் மஞ்சளாத் தெரியுமாம். பேப்பரும் மூணேகால்னு சொல்லுது, நோயாளியும் மஞ்சள்னு சொல்லுதாரு. வேற என்ன வேணும்? அப்புறம் என்கிட்ட மெதுவா, "அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?"ன்னாரு.

எனக்குப் புரியல. வெள்ளின்னேன். "என்ன மாசம்?" மாசின்னேன். "நூறுல இருந்து ஏழைக் கழிச்சா?" தொண்ணூத்து மூணுன்னேன். "அதுல இருந்து ஏழைக் கழிச்சா?" எண்பத்தாறு. எழுபத்தொம்பது வரைக்கும் போன பிறகுதான் எனக்கு உறைச்சுது. என் மூளையைப் பரிசோதிக்காருன்னு. நோயாளி அவுக, கணக்குப் பரிச்சை எனக்கு.

கடைசியில, மாத்திரையைப் பாதியாக் குறைங்கன்னு சீட்டுல எழுதிக் குடுத்தாரு. வெளிய வந்ததும் நான் அவுககிட்ட, ஏன் அப்படிச் சொன்னீகன்னு கேட்டேன். "விளையாட்டுக்குச் சொன்னேன். அவரு எழுதுவாருன்னு நான் கண்டனா"ன்னாக.

அன்னைல இருந்து பாதி மாத்திரை. பாக்கு வெட்டியால கச்சிதமா ரெண்டாப் பிளந்து, ஆறரைக்குப் பாதி. இருபது நாள்தான். அவுகளால ஆத்தங்கரைக்குப் போக முடியல. அப்புறம் தெருமுக்கு வரைக்கும் போக முடியல. அப்புறம் மாடிப்படி நாலு ஏறினா நின்னு மூச்சு வாங்குனாக. கணுக்கால் வீங்கிப் போச்சு, விரலை வச்சு அமுக்கினா குழி விழுது. நான் அந்தக் குழியையே பாத்துக்கிட்டு இருப்பேன். எப்போ நிரம்பும் எப்போ நிரம்பும்னு. உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலேல்லா? சரி விடு.

மறுபடி பரிசோதனை. இந்தத் தடவை நான் கூடுதல் கவனமா இருந்தேன். வீட்டுல குடுத்தா நேரமாயிரும், அங்க போறதுக்குள்ள வேகம் குறைஞ்சாலும் குறைஞ்சிரும்னு, பாளையங்கோட்டையில இறங்கினதும் ஆஸ்பத்திரி வாசல்லயே வச்சுக் குடுத்தேன். ஒரு மணி நேரத்துல ரத்தம் எடுத்தாச்சு. சாயங்காலம் பேப்பர் வந்துது. பாதி மாத்திரைக்கும் ரெண்டே கால்.

டாக்டருக்கே கிறுக்குப் பிடிச்சிருச்சு. மனுஷனைப் பாத்தா மருந்து பத்தாம மூச்சு வாங்குத மாதிரி இருக்கு, பேப்பரைப் பாத்தா மருந்து ஜாஸ்தி. அவரு எதை நம்புவாரு? படிச்சவருல்லா, பேப்பரைத்தான் நம்பினாரு. என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டு அவுககிட்ட கேட்டிருக்காரு, "வீட்டுல பொறுப்பா மாத்திரை குடுக்க வேற யாராவது இருக்காங்களா?"ன்னு. கதவு சாத்தல. எனக்குக் கேட்டுது.

அவுக சொன்னாக, "அக்கா இருக்கா, தென்காசியில"ன்னு.

அக்கான்னா என் நாத்தனார். பிரமு மதினி. அவுகளை விட அஞ்சு வயசு மூப்பு. மதினி வீட்டுக்காரரு தவறி மூணு வருஷம் ஆகுது, பெரிய வீட்டுல தனியா இருந்தா. எங்க மகள் ஓசூர்ல இருக்கா, அவ அத்தைக்கு போன் போட, மறுநாளே மதினி வந்து இறங்கிட்டா. ரெண்டு பெட்டி, ஒரு தலையணை, அவளுக்குன்னு ஒரு டம்ளர். வந்து கால் கழுவின கையோட என்கிட்ட கையை நீட்டினா.

"மாத்திரையக் கொண்டா வடிவு."

குடுத்தேன். அட்டையை அப்படியே முந்தானையில முடிஞ்சு இடுப்புல சொருகிக்கிட்டா. குளிக்கப் போனாலும் அது கூடப் போச்சு. என் வீட்டுக்குள்ள, என் அடுக்களையில நின்னுக்கிட்டு, நான் என் புருஷன் மாத்திரை இருக்க திசைக்கே போக முடியல.

அவ மாத்திரை குடுக்குத லட்சணத்தைச் சொல்லணும். காலைல கிடையாது. ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு ஒம்பது மணிக்குக் குடுப்பா. ஏன்னு கேட்டேன். அவளுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை அப்போதானாம். ரெண்டையும் சேத்து வச்சுக்கிட்டா ரெண்டும் மறக்காதாம். அதான் காரணம். சாஸ்திரமும் கிடையாது, டாக்டர் சொன்னதும் கிடையாது. அதுலயும் ஒம்பதுன்னா ஒம்பது கிடையாது. நாடகம் முடியப் பத்தானாலும் பத்துதான்.

அப்படிக் குடுத்து, ரெண்டு வாரத்துல பரிசோதனைக்கு அவளே கூட்டிட்டுப் போனா. காலைல மாத்திரை கிடையாதுல்லா, முந்தின ராத்திரி போட்டதுதான். பேப்பர் என்ன சொல்லுச்சு தெரியுமா? அரை. பூஜ்யம் புள்ளி அஞ்சு. அப்படியே விழுந்துட்டு.

டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இப்போதான் உண்மையான அளவு தெரியுது, கம்மியா இருக்கு, திரும்ப முழு மாத்திரை குடுங்கன்னுட்டாரு. மதினி முழுசாக் குடுத்தா, ராத்திரிதான். அடுத்த பேப்பர் ஒண்ணு புள்ளி ரெண்டு. எங்க இருக்கணுமோ அங்க. கால் வீக்கம் வத்திப் போச்சு. அவுக பத்து நாள்ல ஆத்தங்கரைக்குப் போய்ட்டு வந்தாக.

எனக்குச் சந்தோஷம் இல்லாமலா இருக்கும்? கோயில்ல விளக்குப் போட்டேன். ஆனா ஊரு என்ன பேசுச்சு தெரியுமா? தெருவுல எல்லாரும் மதினிகிட்ட, உங்க கைராசி உங்க கைராசின்னு சொல்லுதாக. மகள் போன்ல, "அத்தை, நீங்க வந்ததாலதான் அப்பா பொழச்சாக"ன்னு அழுதா. என்கிட்டயும் பேசினா. "அம்மா, உனக்கும் வயசாகுதுல்லா, எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்காத"ன்னா. இழுத்துப் போட்டுக்கிட்டேனாம்.

அந்த டாக்டரும் ஒண்ணு சொன்னாரு. மதினியைப் பாத்து, "உங்களை மாதிரி ஒருத்தர் எல்லா வீட்டுலயும் இருக்கணும்மா"ன்னு. அதை மதினி எனக்குச் சொல்லல. பால்காரன்கிட்டச் சொன்னா. அவன் என்கிட்டச் சொன்னான்.

நான் சும்மா இருப்பனா? மதினி மேல சந்தேகப்பட்டேன். மாத்திரையை முழுங்க விடாம வெளிய எறிஞ்சிருதாளோன்னு. எதுக்கு எறியணும், தம்பி மேல உசுரா இருக்கவ, அதெல்லாம் யோசிக்கல. எட்டிப் பாத்தேன். அவுக வாயத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாக, மதினி குனிஞ்சு பாத்துட்டுச் சரின்னா. எறியல. அடுத்து, அந்த லேப்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். எனக்கு மட்டும் கோளாறு, மதினிக்கு இல்லையா? அதுவும் ஒத்து வரல.

கடைசியில ஒண்ணுதான் மிச்சம் இருந்துது. ஒருவேளை நான்தான் ரெண்டு தடவை குடுத்துட்டனோ?

ஒரு நாள் அவுகளும் மதினியும் கோயிலுக்குப் போயிருந்த நேரம், பழைய மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்தேன். நான் எதையும் தூரப் போட மாட்டேன், தேதி எழுதி ரப்பர் பேண்டு போட்டு வச்சிருப்பேன். தரையில பரத்தி வச்சு ஒவ்வொரு குழியா எண்ணினேன். நாளும் மாத்திரையும் சரியா இருந்துது. திரும்ப எண்ணினேன். சரியா இருந்துது. அப்போ எனக்குச் சந்தோஷம் வரணும்லா, வரல. எண்ணிக்கை சரி, பேப்பர் தப்பு, ஊரெல்லாம் பேப்பர் பக்கம். அப்போ எண்ணுதவ மூளையிலதான் கோளாறுன்னு சொல்லிருவாகளேன்னு இருந்துது. நூறுல இருந்து ஏழு கழிச்சுப் பாத்தேன். எழுபத்திரெண்டு வரைக்கும் வந்தேன், அதுக்கு மேல கண்ணு மறைச்சிருச்சு. அந்த அட்டைகளுக்கு நடுவுல உக்காந்து அழுதேன்ம்மா. இதை நான் யாருக்கும் சொன்னதில்ல. உனக்குத்தான் சொல்லுதேன். போன வாரம் ரயில்ல ஒரு டீச்சருக்குச் சொன்னேன், அவ்வளவுதான்.

சேரன்மாதேவி வந்துட்டா? அதுக்குள்ளயா. சரி, வேகமாச் சொல்லுதேன்.

ஆனி மாசம் தென்காசியில மதினி கொழுந்தன் பேத்திக்குக் காது குத்து. போயே ஆகணும். மறுநாள் இங்க பரிசோதனை. மதினி மூணு தடவை போறேன் போகலன்னு சொல்லிட்டு, கடைசியில முந்தானையை அவிழ்த்து, ஒரே ஒரு மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில வச்சா. மிச்ச அட்டையை முடிஞ்சுக்கிட்டே போய்ட்டா. "ராத்திரி குடுத்துரு வடிவு, மறந்துராத"ன்னா.

எனக்கு மூணு மாசத்துக்கு அப்புறம் ஒரு மாத்திரை கையில கிடைச்சிருக்கு. அதை அவ சொன்ன நேரத்துக்கா குடுப்பேன்? மறுநாள் காலைல ஆறரைக்குக் குடுத்தேன். பஸ் ஏறினோம், எட்டரைக்கு ரத்தம் எடுத்தாச்சு. பேப்பர் வந்துது. மூணு.

அந்த டாக்டர் மூஞ்சியைப் பாக்கணுமே. "அக்கா எங்க?"ன்னாரு. வந்ததும் வராததுமா அதான் முதக் கேள்வி. ஊருக்குப் போயிருக்கான்னேன். "ஒரே ஒரு நாள்லயாம்மா?"ன்னாரு. அதுல கோபம் இல்ல. பரிதாபம். அது கோபத்தை விட மோசம்.

அப்போ எனக்கு எங்க இருந்துதான் தைரியம் வந்துதோ. மேஜையில கையை ஊனி எந்திரிச்சுட்டேன். "சார், இந்த நாலு மாசத்துல என்கிட்ட கிழமை கேட்டீக, மாசம் கேட்டீக, கழித்தல் கணக்குக் கேட்டீக. மதினி ஒரே ஒரு மாத்திரைதான் என் கையில வச்சுட்டுப் போனா. வீட்டுல இன்னொரு மாத்திரை கிடையாது. இல்லாத மாத்திரையை நான் எப்படிக் குடுப்பேன், அதைச் சொல்லுங்க"ன்னேன்.

பக்கத்துல ரத்த அழுத்தம் பாத்துக்கிட்டு இருந்த பியூலாதான் திரும்பினா.

"அந்த ஒரு மாத்திரையை எப்பம்மா குடுத்தீங்க?"

"காலைல ஆறரைக்கு."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான். எப்பவும் பரிசோதனை அன்னைக்கு மறக்காமக் குடுத்துத்தான் கூட்டிட்டு வருவேன்."

பியூலா டாக்டரைப் பாத்தா. டாக்டர் பியூலாவைப் பாத்தாரு. பழைய பேப்பரை எல்லாம் எடுத்து மேஜையில வரிசையா வச்சாரு. எடுத்த நேரம் ஒவ்வொண்ணுலயும் அடிச்சிருக்கு. அக்கா எப்போ குடுப்பான்னு கேட்டாரு. ராத்திரி ஒம்பதுன்னேன். அவரு கண்ணாடியைக் கழட்டி ரெண்டு கையாலயும் மூஞ்சியைத் தேய்ச்சுக்கிட்டாரு.

அப்புறம்தான் விளக்கினாரு. இந்த மாத்திரையை முழுங்கினா முதல்ல ரத்தத்துலதான் நிக்குமாம். அங்க இருந்து நெஞ்சுக்கும் சதைக்கும் மெதுவாத்தான் இறங்குமாம். ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள ரத்தத்தை எடுத்துப் பாத்தா எக்கச்சக்கமாத்தான் காட்டும். அது நிஜ அளவு இல்ல. இறங்கி அடங்கின பிறகு எடுத்தாத்தான் நிஜம். மதினி ராத்திரி குடுத்ததால பன்னெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்திருக்காக, அதான் சரியா வந்துது. நான் குடுத்ததும் ஒண்ணுதான், அவ குடுத்ததும் ஒண்ணுதான். முழு மாத்திரை போட்டப்பல்லாம் அவுக உடம்புல சரியான அளவுதான் இருந்திருக்கு. பாதியாக் குறைச்சதுலதான் மூச்சு வாங்கியிருக்கு.

"நான் எதுவும் குடுக்காமக் கூட்டிட்டு வரச் சொன்னேன்லாம்மா"ன்னா பியூலா.

"எதுவும்னா மாத்திரையும்னு நீ சொல்லலயே"ன்னேன்.

டாக்டர் குறுக்க வந்து, "இல்ல சிஸ்டர், மாத்திரை எத்தனை மணிக்குன்னு நான் முதல் நாளே கேட்டிருக்கணும். என் மேலதான் தப்பு. மன்னிச்சுக்கோங்கம்மா"ன்னாரு. நல்லவரு. நான் அப்பவே சொன்னேன்லா, நிதானமான ஆளுன்னு. தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு ஒத்துக்கிட்டாரு.

என்னது? நானும் கேட்டிருக்கலாமா? என்னத்தைக் கேக்க? மாத்திரை சரி, எண்ணிக்கை சரி. நேரம் மட்டும்தான் கொஞ்சம் முன்னப் பின்ன. அதுக்கு ஆறே முக்காலுக்கு பஸ் விட்டவன்லா பதில் சொல்லணும். எட்டே முக்காலுக்கு விட்டிருந்தா... அப்பவும் நான் ஆறரைக்குத்தான் குடுத்திருப்பேன். சரி, அதை விடு.

மறுநாள் மதினி வந்தா. வாசல்லயே நிப்பாட்டிச் சொல்லிட்டேன். முழுசா, ஒரு எழுத்து விடாம. கைராசியெல்லாம் ஒண்ணும் கிடையாது மதினி, நேரம்தான். நீங்க குடுத்தாலும் நான் குடுத்தாலும் தெருவுல போறவ குடுத்தாலும் மாத்திரை ஒண்ணுதான்னு. ராத்திரி முழுக்க மனசுக்குள்ள சொல்லிப் பாத்து வச்சிருந்தேன், தங்குதடை இல்லாம வந்துது.

மதினி, "நேரம்தானா"ன்னா. உள்ள போனா. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா பெட்டியில சேலையை மடிச்சு வச்சுக்கிட்டு இருக்கா. அவ டம்ளரைக் கழுவித் துடைச்சு நடுவுல வச்சா. மாத்திரை அட்டை கட்டில் மேல இருந்துது. முடிச்சை அவிழ்த்துட்டா.

"எங்க மதினி?"

"இனி எனக்கு இங்க என்ன வேலை. தம்பி நல்லா இருக்கான். நீ பாத்துக்கிடுவ." சொல்லிட்டு, பெட்டியை மூடப் போனவ நின்னு, "என் மாத்திரையும் இவனோடதான் போட்டுக்கிட்டு இருந்தேன். அங்க போனா ஞாபகம் இருக்கணும்"ன்னா. என்கிட்டச் சொல்லல. பெட்டிகிட்டச் சொன்னா.

நான் ஜெயிச்சுட்டேன்ம்மா. அதை நினைச்சு நல்லா இருக்கணும்லா? இல்ல. அந்தப் பெரிய வீட்டுல இவ ஒருத்தியா ஒம்பது மணிக்கு டம்ளர்ல தண்ணி ஊத்துததை நினைச்சுப் பாத்தேன். கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்.

அப்போ பின்னால அவுக வந்து நின்னாக. கட்டில் மேல இருந்த அட்டையை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாக. "நீங்க ரெண்டு பேரும் எதுக்குச் சங்கடப்படுதீக. ஊரார் கடுதாசியை ஒண்ணு கூட மாறாம முப்பத்தெட்டு வருஷம் போட்டவன், ஒரு மாத்திரையை என் வாயில போட்டுக்கிட மாட்டனா? இனி நானே போட்டுக்கிடுதேன்"ன்னாக. கல்யாணமான நாள்ல இருந்து அவ்வளவு நீளமா அவுக பேசி நான் கேட்டதில்ல.

மதினியும் நானும் ஒரே நேரத்துல திரும்பினோம். "நீ சும்மா இருலே"ன்னா அவ. "நீங்க பேசாம இருங்க"ன்னேன் நான். ரெண்டும் சேந்து ஒரே சத்தமா வந்துது. மதினி அவுக பையில இருந்து அட்டையை எடுத்தா. என்னைப் பாத்தா. என் கையில குடுத்தா. நான் பெட்டியில இருந்து டம்ளரை வெளிய எடுத்து வச்சேன்.

இப்போ ஒம்பது மணிக்கு மதினி கடியாரத்தைப் பாத்துச் சொல்லுவா, நான் மாத்திரையைப் பிரிப்பேன். அவ தண்ணி குடுப்பா. அவுக வாயத் திறப்பாக. அவுகளுக்கு இதுல வேற வேலை கிடையாது. அப்புறம் மதினி மாத்திரை. அதை நான்தான் எடுத்துக் குடுக்கேன்.

வீரவநல்லூர் ஆர்ச் தெரியுது, நீ எந்திரிச்சுக்கோ. இரு, இதை மட்டும் கேட்டுட்டுப் போ. போன வாரம் மூணு பேருமாப் பரிசோதனைக்குப் போனோம். இப்போ பியூலா புதுசா ஒரு சீட்டு வச்சிருக்கா. மாத்திரை போட்ட நேரம் என்ன, குடுத்தது யாருன்னு எல்லார்கிட்டயும் கேட்டு எழுதணுமாம். எங்களால வந்த சீட்டு அது. நேரம் கேட்டா, ராத்திரி ஒம்பதுன்னோம். யாரு குடுத்தான்னு கேட்டா. நான்தான்னேன். மதினியும் நான்தான்னா. பியூலா, ஒரு பேருக்குத்தான்ம்மா இடம் இருக்குன்னா. தண்ணி இல்லாம மாத்திரை இறங்குமான்னு மதினி கேக்கா, மாத்திரை இல்லாம தண்ணி எதுக்குன்னு நான் கேக்கேன். பின்னால நாலு பேரு வரிசையில நிக்காக. பியூலா எங்களை நிமிந்து பாக்காம என்னமோ எழுதிச் சீல் அடிச்சிட்டா.

வெளிய வந்து சீட்டை வாங்கிப் பாத்தேன். குடுத்தது யாருங்குத இடத்துல அவுக பேரை எழுதியிருந்தா.

பாத்து இறங்கும்மா.